கைநாட்டு வைங்க பெரியம்மா

அரசாங்க நெல் கொள்முதல் நிலையத்துல நெல்லு போடணும்னா, ஆதார் ரேகை வச்சு நீங்க யாருன்னு நிரூபிக்கணும். இன்னைக்கும் அங்க அதே பாட்டுதான். "ரேகை விழலை பெரியம்மா. கையை நல்லாத் துடைச்சிட்டு வைங்க."

எதைய்யா துடைக்கச் சொல்றீங்க? நாப்பது வருஷம் நாத்துப் பறிச்ச கை அது. குத்து குத்தாப் பறிச்சு, மண்ணை அலசி, முடி கட்டி, விரலைச் சேத்துல ஊன்றி நட்டு, களை எடுத்து, யூரியா தெளிச்சு, வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ச்ச கை. அழுக்கு இருந்தாத் துடைச்சாப் போகும். அங்க போனது ரேகை. டெல்டாவுல நடவு ஆளு யாரோட கையை வேணா திருப்பிப் பாருங்க, விரல் நுனி கூழாங்கல்லு மாதிரி இருக்கும்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, 1990-கள்ல அறிவொளி இயக்கம்னு வந்து, ராத்திரி தெருவிளக்குல உக்கார வச்சு, சிலேட்டுல பேரை எழுதப் பழக்குனாங்க. கைநாட்டு வைக்கிறது கேவலம்னாங்க. அம்பது வயசுல கூச்சப்பட்டுக்கிட்டே கத்துக்கிட்ட பொம்பளைங்க இருக்காங்க. இப்போ அதே பொம்பளைங்க நெல்லு போட வந்து, "கையெழுத்துப் போடட்டுமா தம்பி"ன்னு கேட்டா, "அதெல்லாம் செல்லாது பெரியம்மா, கட்டைவிரலை வைங்க"ங்கிறாங்க. சிலேட்டைத் திருப்பிக் குடுத்துடலாமா?

அந்த மிஷினைப் பத்தியும் சொல்லிடறேன். பெரும்பாலும் கண்ணாடிக்குக் கீழ ஒரு விளக்கு, ஒரு குட்டிக் கேமரா, அவ்வளவுதான். விரல்ல மேடா இருக்கிற கோடு கண்ணாடியைத் தொடும், பள்ளம் தொடாது. அந்த வித்தியாசத்தைத்தான் அது படம் பிடிக்குது. மேடே தேஞ்ச விரலுக்கு ஒரு கறுப்புத் திட்டுதான் விழும். விரல் காஞ்சு வெடிச்சிருந்தா கோடு துண்டு துண்டா அறுந்து தெரியும். ஈரமா இருந்தா கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மை கொட்டின மாதிரி அப்பிக்கும். ரொம்ப அழுத்தினா மேடு நசுங்கிப் பள்ளத்தை அடைச்சிடும். ஆனா ஆபரேட்டர் தம்பிங்க எல்லாரும் எங்க படிச்சுட்டு வந்தாங்களோ, ஒரே மந்திரம்தான்: "அழுத்துங்க, இன்னும் அழுத்துங்க." ஜாக்கெட்டுக்குப் பொத்தான் வைக்கிறாங்களா என்ன, அழுத்துறதுக்கு?

அந்தக் கண்ணாடியை யாராவது துடைக்கிறாங்களா? காலையிலேருந்து இருபது பேர் வச்ச வேர்வையும் எண்ணெயும் அதுமேலதான் கிடக்கு. கையைத் துடைக்கச் சொல்றவங்க அதை ஒரு தடவை காஞ்ச துணியால துடைச்சா பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு, வலது கட்டைவிரலையே கட்டி அழாம வேலைக்கு அதிகம் படாத இடது மோதிர விரலை வைக்கச் சொல்லலாம். காஞ்ச விரலா இருந்தா தலைமுடியில ஒரு தேய் தேய்ச்சா அந்த எண்ணெய்ப் பிசுக்கே போதும். வரிசையில நிக்கிற கிழவி எல்லாருக்கும் இது தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்தா மட்டும் மறந்துடும் போல.

சரி, இன்னைக்கு நடந்ததை வரிசையாக் கேளுங்க.

காலை 9:40. ஒரு பெரியம்மாவோட மூணு ஏக்கர் நெல்லு, ஏக்கருக்கு அம்பது சிப்பம்னு வைங்க, 150 சிப்பம் வரும். சிப்பம்னா 40 கிலோ மூட்டை, ஆக 60 குவிண்டால். 2025-26 பருவத்துக்குச் சாதா ரகம் குவிண்டாலுக்கு ஊக்கத்தொகையோட 2500 ரூபாய். ஒன்றரை லட்ச ரூபாய், வானத்தைப் பார்த்துக்கிட்டு மண் தரையில குவியலாக் கிடக்கு. ஈரப்பதம் பார்க்கிறாங்க: 16.8. வரம்பு 17 சதவீதம். அம்மா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

10:20. வலது கட்டைவிரல். வட்டம் சுத்துது, சுத்துது. பிழை எண் 300. அதாவது, கைரேகை ஒத்துப்போகலை. சிவப்பு எழுத்துல, இங்கிலீஷ்ல. "நீங்க நீங்க இல்லைன்னு சொல்லுது பெரியம்மா"ன்னு தம்பி மொழிபெயர்க்கிறாரு. ஒரு மனுஷி முகத்துக்கு நேரா, தண்ணி குடிங்கன்னு சொல்ற மாதிரி சொல்றாரு.

10:26. மறுபடியும் வலது கட்டைவிரல். 300. 10:31. இடது கட்டைவிரல். 300. 10:35-க்கு மிஷினே தயாரா இல்லைன்னு செய்தி வருது. ஒயரைப் பிடுங்கிச் சொருகுறாரு. ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் விளக்கு எரியும், அதனால ஒயருக்கு முட்டுக் குடுக்க ஒரு நெல்லுச் சாக்கு ஊசி. டிஜிட்டல் புரட்சி சாக்கு ஊசியில நிக்குது.

11:15. "சரி, ஓடிபி போட்டுடலாம்." ஆதார்ல குடுத்த நம்பர் யாருது? சிங்கப்பூர்ல இருக்கிற மகனுது. டெல்டாவுல முக்கால்வாசி வீட்டுக் கதை இதுதான், அம்மாவோட அடையாளம் எல்லாம் பையனோட பாக்கெட்டுல இருக்கும். அங்க நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, மணி ஒண்ணே முக்கால். அவன் வேலையில, போன் லாக்கர்ல. வாட்ஸ்அப்ல "தம்பி நம்பர் வரும் சொல்லு"ன்னு குரல் பதிவு போடுறாங்க அம்மா, நாலு தடவை. ஆறு இலக்கம், பத்து நிமிஷ ஆயுசு. அவன் டீ குடிக்க வெளிய வந்து பார்த்துச் சொல்றதுக்குள்ள செத்துப்போச்சு. மறுபடி அனுப்புறதுக்குள்ள அவன் உள்ள போயாச்சு.

இவங்களுக்காவது நம்பர் உயிரோட இருக்கு. பக்கத்துல நின்ன அய்யா எப்பவோ வாங்கின சிம்மு நம்பரைக் குடுத்திருக்காரு. மூணு மாசம் ரீசார்ஜ் போடாம, தொடாம விட்டா நம்பரை முடக்கி, அப்புறம் வேற யாருக்காவது வித்துடுவாங்க. இப்போ அவரோட ஓடிபி எந்த ஊர்ல எந்த மகராசனுக்குப் போகுதோ. நம்பரை மாத்த ஆதார் மையத்துக்குப் போறாருன்னு வைங்க. அங்க எதைக் கேப்பாங்க? கைரேகை.

12:30. "முகத்தைக் காட்டினாப் போதும் பெரியம்மா, புது வசதி." போனை நீட்டுறாரு. வட்டத்துக்குள்ள முகம் வரணும், கண்ணைச் சிமிட்டணும். பின்னாடி உச்சி வெயில், மூஞ்சி கருப்பா விழுது. கொட்டகைக்குள்ள வந்தா சிக்னல் இல்ல. வெளிய போனா வெளிச்சம். வாசப்படியில நின்னு, ஒருத்தர் முதுகுப்பக்கம் படுதாவை விரிச்சுப் பிடிக்க, இன்னொருத்தர் டார்ச் அடிக்க, கல்யாண போட்டோ கெட்டுது. "சிமிட்டுங்க." கண்புரை ஆபரேஷன் பண்ணி மாசம் மூணாகுது, டாக்டர் கண்ணைக் கசக்காதீங்கன்னு சொன்னதுல பாவம் அந்தம்மா சிமிட்டவே பயப்படுறாங்க. "சிமிட்டுங்க பெரியம்மா!" சிமிட்டினாங்க. "இப்போ சிமிட்டாதீங்க!"

ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். ரெண்டு மணிக்கு நாலு துளி தூறல்.

எல்லாரும் ஓடுறாங்க. படுதா பத்தலை. நெல்லு ஒரு குணம் கெட்ட சாமான், காத்துல இருக்கிற ஈரத்தைக் கூட உறிஞ்சிக்கும். மேலாப்புல இருக்கிற நெல்லு நனைஞ்சாலே போதும்.

3:10. இடது மோதிர விரல். நான் முன்னாடி சொன்னேனே, அதே விரல். வரிசையில நின்ன ஒரு கிழவிதான் சொன்னது, "அந்த விரலை வச்சுப் பாரு ஆத்தா"ன்னு. பச்சை டிக். கைத்தட்டல் கூட வந்துச்சு. அஞ்சு மணி நேரப் போராட்டத்துல அந்தம்மா அந்தம்மாதான்னு நிரூபணம் ஆயிடுச்சு.

3:25. "நெல்லை மறுபடி பார்த்துடலாம்." ஈரப்பதம் 17.9. "காயப்போட்டு நாளைக்கு வாங்க பெரியம்மா."

நாளைக்கு மறுபடி ரேகை வைக்கணுமான்னு கேட்டாங்க. வைக்கணுமாம்.

நெல்லு போட ரேகை ஒண்ணு, ரேஷன் கடை ரேகை ஒண்ணு, விவசாய உதவித்தொகைக்கு ஒண்ணு, பென்ஷனுக்கு உயிரோட இருக்கேன்னு காட்ட ஒண்ணு. குத்தகைக்காரன்னா இன்னும் விசேஷம், பட்டா கோயில் பேர்லயோ, செத்துப்போன தாத்தா பேர்லயோ இருக்கும். தாத்தா விரலுக்கு எங்க போறது? இவ்வளவு கெடுபிடியிலயும் மூட்டைக்கு இவ்வளவுன்னு சில இடத்துல கை மாறுதே, அதுக்கு மட்டும் ஓடிபி கிடையாது, சர்வர் டவுனும் ஆகாது. அந்த ஒரு சேவைதான் 24 மணி நேரமும் தங்கு தடையில்லாம ஓடுது.

தம்பியைத் திட்டியும் பிரயோஜனம் இல்ல. அவரும் சம்பளம் வந்துச்சான்னு பார்க்க ஒரு ஓடிபிக்குக் காத்திருக்கிறவருதான். ஆனாலும் அழுத்தச் சொன்னதை மன்னிக்கறதா இல்ல.

சாயங்காலம் நாலு மணிக்கு அந்தம்மா போனுக்கு ஒரு எஸ்எம்எஸ். பேரனை விட்டுப் படிக்கச் சொன்னாங்க. "எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா? 1 முதல் 5 வரை மதிப்பெண் தரவும்." பேரன் சிரிக்க, அந்தம்மா சிரிக்க, படுதாவை இழுத்துக்கிட்டு இருந்தவங்க எல்லாம் சிரிக்க, ஒரு அஞ்சு நிமிஷம் ஈரநெல்லை மறந்து வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. அஞ்சு போட்டுடு, ஒருவேளை நாளைக்கு ரேகை விழும்னு ஒருத்தர் யோசனை சொன்னாரு.

அப்புறம் இன்னொண்ணு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா சொல்லாம விட முடியலை. பைபாஸ் ரோட்டுல அம்பது அடிக்கு ஒரு "கும்பகோணம் டிகிரி காபி" போர்டு வைக்கிறீங்களே, பித்தளை டபராவுல ஊத்திட்டா அது டிகிரி காபி ஆயிடுமா? பால்ல தண்ணி, டிக்காஷன்ல பாதி சிக்கரி, அதுக்கு மேல அம்பது ரூபாய். டபராவைப் பளபளன்னு தேய்க்கிற அந்தக் கையோட ரேகையாவது விழுதான்னு கேட்டுச் சொல்லுங்க.