தள்ளுபடித் துணிக்கும் மாற்றும் உரிமை உண்டு

"தள்ளுபடியில் எடுத்த துணி கிழிந்திருந்தாலும் மாற்றித் தர வேண்டியதில்லை, சட்டமே அப்படித்தான்" என்று ஒரு நண்பர் இங்கே எழுதியிருக்கிறார். அது தவறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். திருப்பித் தருவதற்கான கெடு பில்லில் போடாவிட்டால், அது 30 நாள். தள்ளுபடிக்கென்று தனி விலக்கு கிடையாது. நிறம் பிடிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம், அது கடைக்காரர் விருப்பம்.

போன தீபாவளிக்கு மதுரை விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் நெரிசலில் மகனுக்கு ஒரு சட்டை எடுத்தேன். வீட்டில் பிரித்தால் அக்குளில் தையலே இல்லை, இரண்டு விரல் நுழைகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். சட்டத்தைச் சொன்ன பிறகே மாற்றினார்கள். தள்ளுபடிக் கடைக் கூட்டத்தில் அலைவது பிரயோசனமா என்று கேட்ட இன்னொருவருக்கு: போங்க, ஆனால் பில் வாங்காமல் வராதீங்க. மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.