உங்க பக் ரிப்போர்ட் ஏன் ரிஜெக்ட் ஆகுது?

தமிழ்நாட்டுக்காரரான லக்ஷ்மண் முத்தையா 2019-ல் இன்ஸ்டாகிராம் கணக்கைக் கைப்பற்றும் ஓட்டையைக் காட்டி 30,000 டாலர் வாங்கினார். பக் பவுண்டி (மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டு சொல்பவருக்கு நிறுவனம் தரும் பரிசு) என்றாலே எல்லாரும் எடுத்துவிடும் உதாரணம் இது. ஆனால் அவருடைய முதல் ரிப்போர்ட்டில் விவரம் போதாமல், இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் ஆட்களால் அதைச் செய்து பார்க்கவே முடியவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

பாஸ்வேர்டு மறந்தால் போனுக்கு 6 இலக்க ரகசிய எண் வரும். 10 நிமிடம்தான் செல்லும். மொத்தம் 10 லட்சம் எண்கள்தான் இருக்க முடியும். ஒரே ஐபியிலிருந்து (இணையத்தில் ஒரு கணினியின் முகவரி எண்) ஒவ்வொன்றாக முயன்றால் சீக்கிரமே தடுத்துவிடும். அவர் 1,000 ஐபிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்ப, 2 லட்சம் முயற்சிகள் தடையில்லாமல் போயின. 10 லட்சத்துக்கும் 5,000 ஐபி போதும், கணினிகளை வாடகைக்கு எடுக்கும் கிளவுட் செலவு சுமார் 150 டாலர் என்று கணக்கும் வைத்திருந்தார். இதைப் போய் ‘ரேட் லிமிட் இல்லை’ (எத்தனை முறை முயலலாம் என்ற வரம்பு இல்லை) என்று ஒற்றை வரியில் எழுதினால் என்ன ஆகும்? ரிப்போர்ட்டைப் படிப்பவர் தன் லேப்டாப்பில் சோதிப்பார், தடுக்கும், மூடிவிடுவார். அவர் மேல் தப்பே இல்லை. லக்ஷ்மண் வீடியோவும் கூடுதல் மெயில்களும் அனுப்பிய பிறகுதான் ஏற்றார்கள்.

அதனால் சர்வருக்கு நீங்கள் அனுப்பிய முழு ரெக்வெஸ்ட், வந்த பதில், எந்தக் கணக்கு, உங்கள் ஐபி, டைம்ஸோனோடு நேரம் எல்லாம் ரிப்போர்ட்டில் இருக்கட்டும். நேரமும் ஐபியும் இருந்தால் அவர்களே சர்வர் பதிவேடான லாக்கில் தேடி எடுத்துக்கொள்வார்கள். ஓட்டை தேடும் ஸ்கேனர் மென்பொருள் கக்கியதை அப்படியே ஒட்டாதீர்கள், ப்ளீஸ்.

ஒரு கடையின் தளத்தில் ஆர்டர் எண்ணை மாற்றினால் அடுத்தவர் பில் தெரிகிறதா? நீங்களே இரண்டு கணக்கு திறந்து, ஒன்றிலிருந்து மற்றதைப் பார்த்துக் காட்டினால் போதும். ஸ்கிரிப்ட் போட்டு ஆயிரம் பேர் பில்லை இறக்கினால் அது சோதனை இல்லை, திருட்டு. 2013-ல் பாலஸ்தீனத்தைச் சேர்ந்த கலீல் ஷ்ரேத்தே, யாருடைய ஃபேஸ்புக் சுவரிலும் (அவரவர் பக்கத்திலும்) பதிவு போட முடியும் என்று ஃபேஸ்புக்குக்குச் சொன்னார். ‘இது பக் இல்லை’ என்று பதில் வர, ஃபேஸ்புக் நிறுவனர் ஸக்கர்பெர்க்கின் சுவரிலேயே பதிவு போட்டுக் காட்டினார். ஓட்டையை அடைத்தார்கள், பணம் தரவில்லை: நிஜப் பயனர்களின் கணக்கைத் தொடக்கூடாது என்பது விதி. சரியாகப் படிக்காமல் தட்டிக்கழித்ததில் ஃபேஸ்புக்குக்கும் பங்குண்டு என்பேன். ஆனாலும் விதி விதிதான்.

எல்லா நிறுவனமும் பணம் தராது. வெறும் டிஸ்க்ளோஷர் புரோகிராம் (ஓட்டைகளைத் தெரிவிக்க நிறுவனம் திறந்து வைத்த வழி) என்றால் பெரும்பாலும் நன்றி மட்டும்தான். ‘பணம் தந்தால்தான் விவரம்’ என்று மெயில் போட்டால் அதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வழக்குப் போட மாட்டோம் என்ற அவர்களின் உறுதியும் ஸ்கோப்புக்குள் (சோதிக்கலாம் என்று அவர்கள் அனுமதித்த எல்லைக்குள்) இருக்கும்வரைதான். அதைத் தாண்டினால் நம் தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் 66-வது பிரிவு இருக்கிறது: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புரோகிராமே இல்லாத நிறுவனமென்றால் தோண்டிக்கொண்டே போகாதீர்கள். கண்ணில் பட்டதை மட்டும் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள், அவர்கள் நிறுவனத்திடம் பேசுவார்கள்.