ஸ்காட் கட்டியது சரி, பழுது பார்த்ததுதான் பிரச்சினை

இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் (1811–1878) பெயரை எடுத்தாலே "பழசைக் காப்பியடித்தவர்" என்று சிலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கும் அவர் மேல் கோபம் உண்டு. ஆனால் அதற்குக் காரணம் வேறு.

கூரிய வளைவும் வானை முட்டும் கோபுரமுமாக இடைக்கால கோதிக் பாணியை மீட்க இங்கிலாந்தில் ஒரு பெருங்கூட்டமே கிளம்பிய காலம் அது. ஸ்காட் அதில் அசுர உழைப்பாளி. 1842 தீ விபத்தில் அழிந்த, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் புனித நிக்கோலஸ் தேவாலயத்தைப் புதிதாக வடிவமைத்தார். 1874இல் கோபுரம் 147 மீட்டரைத் தொட்டபோது உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். 1943இல் குண்டு வீச வந்த விமானிகளுக்கு அந்த உயரமே அடையாளமாகிப் போனது. தேவாலயம் சிதைந்தது, கோபுரம் இன்றும் நிற்கிறது.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் தேவாலயம் அல்ல, லண்டன் செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையத்தின் முகப்பில் இருக்கும் ஹோட்டல். 1873இல் திறந்த செங்கல் அரண்மனை. உள்ளே இரண்டாகப் பிரிந்து ஏறும் படிக்கட்டை அடியிலிருந்து பாருங்கள். தாங்கி நிற்கும் இரும்பை அவர் மறைக்கவே இல்லை, அதையும் அலங்காரமாக்கிவிட்டார். இடைக்காலத்தில் எவன் இப்படிக் கட்டினான்? இதையா காப்பி என்கிறீர்கள்? குறையும் உண்டு. தீப்பிடிக்காத கனமான தளங்கள் போட்டதால் பிற்காலத்தில் அறைக்கு அறை குளியலறை வைக்க வழியில்லாமல் போய், 1935இல் ஹோட்டலை மூடினார்கள். அறுபதுகளில் இடிக்கப் பார்த்தார்கள், நல்லவேளை 1967இல் பாதுகாப்புப் பட்டியலில் ஏறித் தப்பியது. 2011இல் மறுபடியும் ஹோட்டல்.

கொள்கைப் பிடிவாதக்காரர் என்றும் சொல்ல முடியாது. வெளியுறவு அலுவலகத்துக்கு கோதிக் வேண்டாம் என்று பிரதமர் பால்மர்ஸ்டன் மல்லுக்கு நின்றதும், இத்தாலியப் பாணிப் புத்தகங்களை வாங்கிப் படித்து அப்படியே கட்டிக் கொடுத்தார். வேலை கையை விட்டுப் போகக் கூடாதே!

மும்பைப் பல்கலைக்கழக நூலகமும் ராஜாபாய் கோபுரமும் அவர் வடிவமைப்புதான். மனிதர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, வரைபடம்தான் கப்பலேறியது. ஆனாலும் வெயிலுக்குத் தோதாகத் திறந்த தாழ்வாரங்கள், சுழல் படிகள். பணம் கொடுத்த பிரேம்சந்த் ராய்சந்த் தன் தாயின் பெயரையே கோபுரத்துக்கு வைத்தார்.

அப்புறம் எதற்குக் கோபம்? பழைய தேவாலயங்களைப் "புதுப்பிக்கிறேன்" என்று அவர் செய்ததற்கு. செயின்ட் ஆல்பன்ஸில் விழ இருந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடித்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச்சில் 14ஆம் நூற்றாண்டு கிழக்குச் சாளரத்தை எடுத்துவிட்டு, அதைவிடப் பழசாகத் தெரியும்படி நார்மன் பாணியில் புதுச் சுவர் வைத்தார். இருந்த நிஜப் பழசு போய், 1870களில் செய்த பழசு வந்தது. இதைத் திருப்பணி என்று என்னால் சொல்ல முடியாது.

1877இல் ட்யூக்ஸ்பரி தேவாலயத்திலும் அவர் கை வைக்கப் போகிறார் என்றதும் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் கொதித்துப்போய்ப் பத்திரிகைக்கு எழுதினார், பழைய கட்டடங்களைக் காக்க அதே ஆண்டு ஒரு சங்கமும் தொடங்கினார். செயின்ட் பாங்கிராஸை எவ்வளவு ரசித்தாலும், அந்தச் சண்டையில் நான் மோரிஸ் பக்கம்தான்.