செருப்பையும் கணக்கில் சேருங்கள்

பிளாஸ்டிக் பையைத் தவிர்க்க, கடைக்கு மஞ்சப்பை எடுத்துப்போகச் சொல்கிறது உங்கள் கட்டுரை. சரிதான், 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருந்தும் வேலூர்க் கடைத்தெருவில் கீரையும் பூவும் இன்னும் கேரிபேக்கில்தான் வருகின்றன. ஆனால் பாலாற்றங்கரைக்காரர்களான நமக்குப் பெரிய கேள்வி காலில் கிடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில்தானே 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது? பெரும்பாலான தோல் ஷூக்கள் குரோமிய உப்பில் பதனிட்டவை. ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்டாலும் கழிவுநீர் உண்டு; ‘இயற்கைத் தோல்’ என்ற சீட்டைக் கண்டு மயங்க வேண்டாம். அடி தேய்ந்தால் புதிது வாங்காமல், தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து மாற்றுங்கள். ரெக்சின் என்னும் செயற்கைத் தோல் ஷூவுக்கு இது சரிப்படாது, மேலே உரிந்துவிடும்.