எக்ஸ்ரே ஊழியர்களும் தொற்று அபாயமும்

கொரோனாக் காலத்தில் மட்டக்களப்பில் எக்ஸ்ரே எடுத்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பொத்தானை மட்டுமே அழுத்தியதால் அவர்களுக்குத் தொற்று அபாயம் இருக்கவில்லை என ஒருவர் எழுதியிருக்கிறார். பணிவுடன் மறுக்கிறேன். எழுந்து வர முடியாத நோயாளியிடம் நடமாடும் இயந்திரத்தை நோயாளர் விடுதிக்கே தள்ளிச் சென்று, மூச்சுத் திணறுபவரை நிமிர்த்தி, முதுகுக்குப் பின்னால் படத்தட்டை வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்பவர் ரேடியோகிராபர் எனப்படும் அந்த எக்ஸ்ரே ஊழியர்தான். அவர் விலகி நிற்பது கதிர் பாயும் கணத்தில் மட்டுமே.

2020, 2021 காலத்து நெஞ்சுப் படம் வீட்டில் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டிலில் எடுத்த படங்களில் பெரும்பாலும் 'ஏ.பி.' (AP) என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். கதிர் முன்புறமிருந்து பாய்ந்தது, அதாவது தட்டு முதுகுப்புறம் வைக்கப்பட்டது என்பது அதன் பொருள். அந்தத் தட்டை வைக்க ரேடியோகிராபர் நோயாளியின் அருகிலேயே நின்றிருக்கிறார்.