சொத்தைக் கத்திரிக்காயை வாங்க ஆள் இருக்கா?

"விவசாயிங்களுக்குப் பேராசை, அதான் இயற்கை விவசாயத்துக்கு வர மாட்டேங்கிறாங்க"ன்னு ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி வைக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போக முடியவில்லை.

இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் பேச்சென்றால் என் சித்தப்பாவுக்கு உயிர். ஜீவாமிர்தம் என்கிற இயற்கை உரக் கரைசலின் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் இரண்டிரண்டு கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி. அவரேதான் கத்திரிக்கு வாராவாரம் பூச்சிமருந்தும் அடிக்கிறார்.

காரணம் காய்ப்புழு. முட்டையிலிருந்து வெளியே வந்த சூட்டோடு குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அப்புறம் வேப்பெண்ணெய் தெளித்தாலும் வெளித்தோலோடு சரி. மருந்தில்லாத வழி இல்லாமல் இல்லை. வாடிய குருத்தைக் கிள்ளி எரிக்கணும், சொத்தைக் காயைப் பொறுக்கி அழிக்கணும், ஆண் அந்துப்பூச்சியை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வைக்கணும். தினம் கிள்ள ஆளுக்கு எங்கே போவது? நாம் கிள்ளினாலும் பக்கத்துத் தோட்டத்து அந்துப்பூச்சி வரப்பு பார்த்தா பறக்கும்?

(கடைக்காரர் சொன்னார் என்று மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிக்கிற ஆட்களும் ஊரில் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை. சித்தப்பாவோடு அதற்கே இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன்.)

இத்தனையும் தாண்டி மூட்டை கட்டிக் கொண்டுபோனால் கமிஷன் கடையில் அதே குவியல், அதே ஏலம். நாலு காயில் ஓட்டை தெரிந்தால் மூட்டைக்கே விலை இறங்கும். 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் விஷம் என்று கேரளாவில் பெரிய கெடுபிடி நடந்தது. எங்கள் சந்தைச் சரக்கில் பெரும்பங்கு போவதே அங்கேதான். அதற்காக ஓட்டைக் காயை எந்த வியாபாரியும் ஏற்றிப் போகவில்லை.

இயற்கை விளைச்சல் என்று சான்றிதழ் வாங்கலாமே என்பீர்கள். ரசாயனத்தை நிறுத்திவிட்டுச் சான்றிதழுக்குக் காத்திருக்கிற மாறுகாலமே காய்கறிக்குக் குறைந்தது 2 வருடம். சித்தப்பா உழுவது குத்தகை நிலம், வருடா வருடம் பேச்சு. அவர் மண்ணைத் தேற்றி வைத்தால் அடுத்த வருடம் அறுப்பவன் யாரோ!

"சொத்தைக் கத்திரிக்காய வாங்குற ஆளக் கூட்டியா, நாளைக்கே நிறுத்திடுறேன்" என்றார். ஊருக்குக் கிளம்பும்போது கிணற்றடியில் தனியாக வைத்திருக்கும் பத்துப் பதினைந்து செடியிலிருந்து ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்தார்.

"இது வீட்டுக்கு வச்சது. புழு இருக்கும், பாத்து நறுக்கச் சொல்லு."