கரகரப்போடு இருக்கட்டும்

பழைய இசைத்தட்டுகளை மறுவெளியீடு செய்கிறவர்கள் இரைச்சலைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறார்கள். அதோடு இசையும் கொஞ்சம் போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் புலாங்க் 1926இல், தன் 27ஆவது வயதில், ஓபோ, பஸூன் என்ற இரண்டு ஊதுகருவிகளுக்கும் பியானோவுக்குமாக ஒரு ட்ரையோ, அதாவது மூவர் வாசிக்கும் இசை, எழுதினார். 1928இல் பிரெஞ்சு கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அதைப் பதிவு செய்தபோது பியானோவில் அவரே உட்கார்ந்தார். ஓபோ ரோலான் லாமோர்லெத், பஸூன் குஸ்தாவ் தெரேன். அதை முதன்முதலில் மேடையில் வாசித்ததும் இதே மூவர்தான். 1925வாக்கில்தான் ஒலிப்பதிவுக்கு மைக் வந்திருந்தது. அதனால் பஸூனின் அடிக்குரல்கூட நமக்குக் கிடைத்திருக்கிறது.

அந்த பஸூனுக்காகவே இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இன்று உலகமெங்கும் வாசிக்கப்படுவது பெரும்பாலும் ஜெர்மானிய வகை பஸூன் (செய்தவர்கள் பெயரால் ஹெக்கல் வகை என்பார்கள்). தெரேன் கையில் இருந்தது பிரெஞ்சு வகை. உள்துளை குறுகலானது, சாவிகளின் அமைப்பும் விரல் வைக்கும் முறையும் வேறு. ஜெர்மானிய பஸூனின் நாதம் திரண்டு, கீழிருந்து மேல்வரை ஒரே சீராக வரும். பிரெஞ்சு பஸூனில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் நிறம் மாறும். மேலே போகப் போக, லேசாக மூக்கால் பாடுகிற மனிதக் குரல் மாதிரியே இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் இசைக்குழுக்களே பெரும்பாலும் ஜெர்மானிய வகைக்குப் போய்விட்டன. ஆக, அந்தக் குரலை அதன் நல்ல காலத்தில் கேட்க இந்தத் தட்டுகளை விட்டால் வேறு வழி குறைவு.

இதே பதிவின் இரண்டு பிரதிகளை ஹெட்போனில் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். ஆரம்பத்தில் பியானோ நிதானமாகச் சில கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) வாசித்து நிற்கும், பஸூன் நுழையும், அப்புறம் ஓபோ. துடைக்காத பிரதியில் ஒவ்வொரு ஸ்வரமும் பிறக்கும்போது நாணல் அதிர்கிற அந்தச் சின்னக் கரகரப்பு காதில் விழுகிறது. நாகஸ்வரத்தின் சீவாளி போல ஓபோவுக்கும் பஸூனுக்கும் இரட்டை நாணல், உயிர் அங்கேதான். துடைத்த பிரதியில் தெரேன் போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கிறது. காரணம் எளிது. தட்டின் சீறலும் நாணலின் கரகரப்பும் ஒலியின் அதே மேல்பகுதியில், அதாவது உயர்ந்த அதிர்வெண்களில், வருகின்றன. சீறலை வெட்டினால் நாணலும் வெட்டுப்படும். தட்டில் கீறல் விழுந்த இடத்தில் வரும் ‘டக் டக்’கை எடுக்கட்டும், சரி, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேட்க விரும்புகிறவர்கள் இரண்டாம் பகுதியான அந்தாந்தேயிலிருந்து (நிதான நடையில் வரும் பகுதி) தொடங்குங்கள். இஷ்டத்துக்குத் தாளத்தை இழுப்பது புலாங்குக்குப் பிடிக்காது. உருக்கமான இடத்திலும் நடையைத் தளர விடாமல் போகிறார், உருக்கம் அதனால் கூடத்தான் செய்கிறது. முதல் அரை நிமிஷம் சீறல் தொந்தரவு செய்யும். அப்புறம் காது அதைத் தானாகவே ஒதுக்கிவிடும், நாணலைத் தொடாமல்.